மூன்று சக்கரத்தில் தைப்பூசம்

எங்கள் கராஜில் காருக்குப் பக்கத்தில் ஒரு மூன்று சக்கர சைக்கிள் நிற்கிறது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. இருக்கை முழங்கால் உயரம்கூட இருக்காது. அதில் சாய்வு நாற்காலியில் சாய்கிற மாதிரி சாய்ந்துகொண்டு, இரண்டு கால்களையும் முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். ரிகம்பென்ட் ட்ரைக் என்று அதற்குப் பெயர். முதல் முதலாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் அதைத் தேர் என்பார். நான் வண்டி என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

அது எங்கள் வீட்டுக்கு வந்தது என் இடது காலுக்காக. ஒரு காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது டம்ளர் என் கையிலிருந்து தானாக நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஓடிவந்து ஏதோ கேட்டார். எனக்குப் பதில் தெரிகிறது, வாயில் வார்த்தைதான் வரவில்லை. மூளையில் ரத்தக்கட்டு என்றார்கள். ஆண்டவன் புண்ணியத்தில் பேச்சு திரும்பிவிட்டது, கையும் திரும்பிவிட்டது. இடது கால் மட்டும் பாதிதான் வந்தது. வீட்டுக்குள் கம்பை ஊன்றி நடப்பேன். வெளியே கொஞ்ச தூரம் போனால் பாதம் தரையில் இழுபடும். சாதாரண சைக்கிளில் ஏறினால் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவேன்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தபோது முருகனிடம் ஒன்று வேண்டிக்கொண்டேன். "அப்பா, தைப்பூச யாத்திரைக்கு இந்தக் காலாலேயே வந்து உன் முன்னால நிக்கறேன். என்னை யாரும் தூக்கிட்டு வரக் கூடாது, தள்ளிட்டும் வரக் கூடாது." பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எனக்கு மந்திரமெல்லாம் அதிகம் தெரியாது. அவனிடம் இப்படித்தான் பேசுவேன்.

கலிஃபோர்னியாவில் சான் ரமோன் எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் ஒரு டிரெயில் போகிறது. ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். தண்டவாளத்தை எடுத்துவிட்டுத் தார் போட்டு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். தைப்பூசத்தை ஒட்டி வருகிற சனிக்கிழமை, நம் ஆட்கள் அந்தப் பாதையில் வடக்கே அடுத்தடுத்த ஊர்களைத் தாண்டி முருகன் கோயில்வரை நடப்பார்கள். விடியும் முன் கிளம்பினால் சாயங்காலம் ஆகிவிடும். நானும் வீட்டுக்காரரும் வருஷம் தவறாமல் நடந்தவர்கள்.

"இந்த வருசம் கார்லயே போயிட்டு வந்துரலாம் புள்ள. முருகன் கோவிச்சுக்குவானா?" என்றார் அவர்.

"அவன் கோவிச்சுக்க மாட்டானுங்க. நான்தான் கோவிச்சுக்குவேன்."

கால் பயிற்சி கொடுக்க வந்த அம்மாதான் இந்த மாதிரி வண்டி இருப்பதைச் சொன்னார். கீழே விழவே விழாது, காலுக்கும் பயிற்சி என்றார். வீட்டுக்காரர் தேடிப்பிடித்து ஒரு வயதான அமெரிக்கத் தம்பதியிடமிருந்து பழைய வண்டி ஒன்றை வாங்கி வந்தார். அந்தப் பாட்டியம்மா என் இடது காலைப் பார்த்துவிட்டு, பாதத்தைப் பெடலோடு பட்டை போட்டுக் கட்டாமல் ஓட்டவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வண்டி ஓடும்போது பாதம் நழுவித் தரையில் பட்டால், தரை காலை வண்டிக்கு அடியில் இழுத்துவிடுமாம். எலும்பு முறிந்துவிடும் என்று கையால் ஒடித்துக் காட்டினார்.

வெளியே ஓட்டிய முதல் நாள் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரார் முன்னால் ஒரு பொம்பிளை காலை நீட்டிக்கொண்டு போகலாமா? துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டு, சுடிதார்க் கால்களை ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். எதிரே வந்த நாய்கள் என் முகத்துக்கு நேராக முகம் வைத்துப் பார்த்தன. அவற்றைக் கூட்டி வந்தவர்கள் "நைஸ் ரைடு!" என்று கட்டைவிரலைக் காட்டினார்கள். வெட்கம் கொஞ்ச நாளில் போய்விட்டது. வேறு தொல்லைகள்தான் வந்தன. டிரெயில் பெரிய தெருவைக் கடக்கிற இடங்களில் சிக்னல் பட்டனை அழுத்த வேண்டும். அந்தப் பட்டனோ நிற்கிறவர்கள் உயரத்தில் இருக்கிறது. படுத்துக்கொண்டு போகிறவளுக்கு எட்டுமா? ஒரு நாள் யாராவது வரமாட்டார்களா என்று வெகுநேரம் காத்துக் கிடந்தேன். மறுநாள் சாம்பார் கிண்டுகிற நீளக் கரண்டியை எடுத்து வந்து, அதன் காம்பால் பட்டனைக் குத்தினேன். பச்சை விழுந்தது. என் மகள் பின்னால் நடந்து வந்தவள், "ஓ மை காட், அம்மா, ப்ளீஸ்" என்று முகத்தை மூடிக்கொண்டாள். இங்கேயே பிறந்து வளர்ந்து காலேஜுக்குப் போகிற பெண். நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். சண்டை போட்டாலும் அப்படித்தான்.

வண்டியைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை ஆயிற்று. பெடல் முன்னால் கோடியில் இருக்கிறது, இழுக்கும் சக்கரம் பின்னால் இருக்கிறது. அதனால் அதன் செயின், சாதாரண சைக்கிள் செயினைப்போல் மூன்று மடங்கு நீளம். வீட்டுக்காரரின் கிழிந்த வேட்டியைத் துண்டு துண்டாக்கி வைத்துக்கொண்டு, வாரம் ஒரு தரம் அந்தச் செயினைக் கண்ணி கண்ணியாகத் துடைப்பேன். அப்புறம் கடையில் கொடுத்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். கோடையில் ஒரு நாள் பின் சக்கரம் காற்றுப் போய் உட்கார்ந்துவிட்டது. டயரில் குத்தியிருந்ததைப் பிடுங்கிப் பார்த்தால் நெருஞ்சி முள்! கலிஃபோர்னியாவில் அதற்கு வேறு என்னவோ பேர் சொல்கிறார்கள். எனக்கு அதைத் தெரியாதா? அன்றைக்கே ட்யூபை வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைப் பிடித்து, ஒட்டுப்போடவும் பழகிக்கொண்டேன். முதல் ஒட்டு நிற்கவில்லை. இரண்டாவது நின்றது.

இப்படியே மாசக்கணக்கில் ஓட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூட்டி, கோயில்வரை போகிற அளவுக்குக் காலில் பலம் வந்துவிட்டது. தை பிறந்தது. யாத்திரைச் சனிக்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, முருகனுக்கு உகந்த நாளாயிற்றே என்று, வண்டிக்குப் பூஜை போட்டேன்.

கார் வாங்கினால் நாம் சும்மா எடுத்துப் போவோமா? அதுபோலத்தான். வண்டியைக் கழுவித் துடைத்து, பூச்சரம் சுற்றி, மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சம்பழம் வைத்தேன். சந்தனம் குங்குமம் வைக்க இடம் பார்த்தேன். முன் சக்கரங்கள் இரண்டிலும் நடுவே பளபளவென்று வட்டமாக ஒரு தகடு இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருந்தது. வைத்தேன், வழவழ இரும்பில் குங்குமம் ஒட்டாமல் உதிர்ந்தது. விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் விரலை நனைத்துக் குழைத்துச் சுற்றிலும் அழகாக வைத்தேன். நின்றது. வீட்டுக்காரர் கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு டிரெயிலுக்குக் கிளம்பினேன். அவர் பின்னால் நடந்து வந்தார்.

டிரெயில் ஒரு தெருவுக்கு இறங்குகிற இடத்தில் பிரேக்கைப் பிடித்தேன். பன்றியைப் பிடித்தாற்போல ஒரு கத்தல். வண்டி நிற்கவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன், கத்தல்தான் கூடியது. முன்னால் தெருவில் கார்கள் போய்க்கொண்டிருக்கின்றன. "முருகா" என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டே வண்டியை ஒடித்துப் பக்கத்துப் புல்லில் ஏற்றினேன். ஒரு புதரில் மோதி நின்றது. முழங்கை சிராய்த்தது. பட்டையில் கட்டிய கால் கட்டியபடியே இருந்தது.

மூச்சிரைக்க ஓடி வந்தவர் என்னைத் தூக்கவில்லை. முதலில் சக்கரத்தைத்தான் பார்த்தார். "அட, டிஸ்க்லயா பொட்டு வெச்ச?"

"டிஸ்க்னா?"

"இதைப் புடிச்சுத்தான் புள்ள வண்டியே நிக்குது! இதுக்குப் போயி எண்ணெயத் தடவி வெச்சிருக்கறயே!"

"நீங்கதானுங்க அது மேல கற்பூரம் காட்டுனீங்க. கண்ணு தெரியலீங்களா?"

தெருவில் போன கார்களைப் பார்த்த பயத்தில்தான் அப்படிக் கத்தினேன்.

சாயங்காலம் மகள் வந்து என் முழங்கையைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டாள். "நோ. யூ ஆர் நாட் டூயிங் திஸ், அம்மா. அப்பா, டெல் ஹர்."

"கார்ல போலாம்னு நான் அன்னைக்கே சொன்னனே," என்றார் அவர்.

"வண்டி மேல தப்பில்ல, கண்ணு. பொட்டு வெச்சது நானு. பிரேக்கைச் சரி பண்ணிட்டா?"

"அண்ட் இஃப் யூ கான்ட்?"

"சரி பண்ண முடியலைன்னா போகமாட்டேன்." சொல்லிவிட்டேன். வேண்டிக்கொண்டதைச் செய்யாமல் விட்டுவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு விளக்கேற்றுவேன்?

மறுநாள் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் தாடி வைத்த ஓர் அமெரிக்கர். தகட்டை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். சமையல் எண்ணெயா என்று கேட்டார். வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, இது ஆசீர்வாதத்துக்காக வைத்தது என்றார். கடைக்காரர் சிரிக்கவில்லை. தகட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற பிரேக் பேடில் எண்ணெய் இறங்கியிருக்கிறது, புதுசு ஆர்டர் பண்ணினால் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார். சனிக்கிழமைக்கு ஆகாதா என்றேன். ஆகாது. வேறு வழி? அவர் யோசித்துவிட்டு, நிச்சயமாகச் சொல்ல முடியாது, முயற்சி பண்ணிப் பாருங்கள் என்றார். தகட்டைக் காயம் துடைக்கிற ரப்பிங் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும், பேடின் முகத்தை உப்புத்தாளில் தேய்த்து எண்ணெய் ஏறிய தோலை எடுக்க வேண்டும், பிறகு சமதரையில் மெதுவாக ஓட்டி ஓட்டிப் பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும். பிடித்தால் போங்கள், பிடிக்காவிட்டால் தயவுசெய்து போகாதீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்தேன். வீட்டுக்காரர் பேடுகளைக் கழற்றிக் கொடுத்தார். கட்டை விரல் அகலம்தான் இருக்கும். இவ்வளவு பெரிய ஆளை இந்தத் துண்டா நிறுத்துகிறது என்று இருந்தது. உப்புத்தாளைச் செய்தித்தாள்மேல் வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். தகட்டை அவர் துடைத்தார். துணியில் முதலில் சிவப்பு வந்தது, அப்புறம் மஞ்சள், அப்புறம் கறுப்பு. சுத்தமாகிற வரைக்கும் துணி மாற்றி மாற்றித் துடைத்தார். சாமிக்கு வைத்ததைத் துடைக்கிறோமே என்று ஒரு சங்கடம் வந்தது. அந்தத் துணிகளைக் குப்பையில் போட மனசில்லாமல் ரோஜாச் செடியடியில் அலசி விட்டேன்.

மாட்டி ஓட்டினோம். கத்தல் இருந்தது, பிடிப்பு அரைகுறை. திரும்பக் கழற்றித் தேய்த்தேன். திரும்ப மாட்டினோம். இப்போது இடது சக்கரம் பிடித்தது, வலது பிடிக்கவில்லை. பிரேக்கைத் தொட்டால் வண்டி இடது பக்கம் திரும்பிக்கொண்டது.

"விட்ருவோமா?" என்றார்.

"வலதுல இன்னும் எண்ணெய் இருக்குதுங்க. கழட்டுங்க."

வியாழன் முழுக்க இதேதான். அவர் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்தார். மீட்டிங்குக்கு நடுவில் ஹெட்போனோடு கராஜுக்கு வந்து கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடுவார். வலது பேடைத் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனி எரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் டிரெயிலின் சமமான பகுதிக்குப் போனோம். கொஞ்சம் மிதிப்பேன், பிடிப்பேன். மிதிப்பேன், பிடிப்பேன். பக்கத்தில் நடந்தபடியே அவர் காதைத் தீட்டிக்கொண்டு, "கத்துது… கத்துது… குறைஞ்சிருக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒவ்வொரு பிடிக்கும் சரவணபவ சொன்னேன். ஓடுகிறவர்கள் எங்களை இரண்டு தரம் மூன்று தரம் கடந்து போனார்கள், என்ன செய்கிறோம் என்றே அவர்களுக்குப் புரிந்திருக்காது. மத்தியானத்துக்குள் கத்தல் நின்றது.

மகள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்குக்கு இறங்குகிற சரிவுக்குக் கூட்டிப் போனாள். கோலமாவு டப்பாவைக் கையில் வைத்திருந்தாள். சரிவு முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். அதற்குச் சற்று மேலே, இறங்கும்போது முதலில் வருகிற மாதிரி, இன்னொரு கோடு.

"ஃபர்ஸ்ட் லைன்ல பிரேக் பண்ணணும். செகண்ட் லைன் க்ராஸ் பண்ணக் கூடாது. ஃபுல் ஸ்பீட். நோ சீட்டிங்."

அன்றைக்கு அதிசயமாக அவளுக்குப் பாதித் தமிழ் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மேலே போய்த் திரும்பி, மிதித்து இறங்கினேன். முதல் கோடு வந்ததும் இரண்டு கையாலும் பிடித்தேன். வண்டி முன்னால் ஒரு குலுக்குக் குலுக்கி, நேராக நின்றது. இரண்டாவது கோட்டுக்கு இன்னும் இடம் இருந்தது.

"அகெய்ன்," என்றாள்.

திரும்பவும் செய்தேன். இன்னொரு தரமும் செய்யச் சொன்னாள். அப்புறம் குனிந்து என் இடது பாதத்துப் பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஓகே" என்று உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை இருட்டிலேயே டிரெயில் ஓரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மஞ்சளும் பச்சையுமாக உடுத்தி, குளிரில் சால்வை போர்த்தி, பாதிப் பேர் வெறுங்காலோடு நின்றார்கள். எனக்கும் வெறுங்காலோடு போக ஆசைதான். பட்டைக்கு ஷூ வேண்டும், ஆகவே முருகனிடம் சொல்லிவிட்டு ஷூ போட்டுக்கொண்டேன். என்னைப் பார்த்ததும் எங்கள் பக்கத்துத் தெரு ஆன்ட்டி ஒருவர் இடுப்பில் கை வைத்தார்.

"என்னங்க இது, ஈசிசேர்ல யாத்திரையா? நாங்கல்லாம் நடக்கறோம், நீங்க படுத்துட்டு வர்றீங்களாக்கும்!"

"ஆமாங்க ஆன்ட்டி. தூக்கம் வந்தா எழுப்பி விடுங்க."

"இல்ல, சும்மா கேக்கறேன். சக்கரத்துல வந்தா அது பாதயாத்திரைல சேருமா?"

இந்தக் கேள்வியை நானே என்னைப் பல நாள் கேட்டிருக்கிறேன். "மோட்டார் இல்லீங்க. இந்தக் கால் மிதிக்கலைன்னா இது நகராது. சேருமா சேராதான்னு அவன்கிட்டத்தான் கேக்கப் போறேன்," என்றேன்.

அரோகரா சொல்லிக் கிளம்பினோம். இரண்டு சக்கர சைக்கிளை நடக்கிற வேகத்துக்கு ஓட்டினால் ஆடி விழும். மூன்று சக்கரம் எவ்வளவு மெதுவாகப் போனாலும் சாயாது. அதனால் கூட்டத்தோடு கூட்டமாகவே போனேன். வீட்டுக்காரர் பக்கத்தில் நடந்தார். போகப் போக என் பின்பக்கக் கேரியர் நிறைந்துகொண்டே வந்தது. ஒருவர் தண்ணீர்ப் பாட்டில் வைத்தார், இன்னொருவர் கழற்றிய ஸ்வெட்டர் வைத்தார். வெயில் ஏறினபோது அந்த ஆன்ட்டி என் பக்கமாக வந்து அவருடைய பையையும் மாட்டிவிட்டார்.

"கனமா இருக்குமுங்களா?" என்றார்.

"கல்லா வெச்சிருக்கீங்க? வெச்சுட்டு வாங்க ஆன்ட்டி."

"லெமன் ரைஸ்தான். உங்களுக்கும் சேத்துத்தான் கட்டியிருக்கேன்."

டிரெயிலை விட்டுத் தெருவில் ஏறிய பிறகுதான் கஷ்டம். கோயிலுக்கு முன்னால் ஒரு மேடு உண்டு. நடந்த வருஷங்களில் அது மேடு என்றே எனக்குத் தெரியவில்லை. கியரை ஆகக் கீழே இறக்கினேன். மிதிக்கிறேன் மிதிக்கிறேன், வண்டி ஆமை போல ஏறுகிறது. பாதி மேட்டில் இடது தொடை துடிக்க ஆரம்பித்தது. முழங்கால் தானாக வெளிப்பக்கம் சாய்ந்தது. பின்னால் அவர் கை இருக்கையைத் தொடுகிற மாதிரி தெரிந்தது.

"தொடாதீங்க."

"கொஞ்சமா…"

"தொடாதீங்கன்னு சொன்னேன்!"

பிரேக்கைப் பிடித்தேன். அந்தச் சரிவில் வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். கூட்டம் எங்களைத் தாண்டிப் போயிற்று. ஆன்ட்டி மட்டும் போகாமல் நின்றார். துடிப்பு அடங்கியதும் விட்டு மிதித்தேன், கொஞ்ச தூரத்தில் மறுபடி நிறுத்தினேன். நின்று நின்று, மிதித்து மிதித்து, கோபுரம் தெரிகிற வளைவுவரை போனேன். அதற்கப்புறம் சமதரை. அழுதேனா வியர்த்தேனா என்று தெரியவில்லை, முகமெல்லாம் நனைந்திருந்தது.

அவ்வளவு தாழ்வான இருக்கையிலிருந்து எழுந்திருப்பதுதான் எனக்கு எப்போதும் பெரும்பாடு. வீட்டுக்காரர் கையை நீட்டாமல் கம்பை மட்டும் நீட்டினார். அதைப் பற்றி எழுந்தேன். மகள் காரில் முன்னாலேயே வந்து வாசலில் காத்திருந்தாள். குனிந்து என் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெறுங்காலோடு உள்ளே நடந்தேன். இடது பாதம் இழுபட்டது, இழுபட்டபடியே வந்தது.

சந்நிதியில் திரை போட்டிருந்தார்கள். அலங்காரம் நடந்துகொண்டிருந்தது, எப்போது திறக்கும் என்று தெரியவில்லை. என் கால் நடுங்குவதைப் பார்த்துத் தொண்டு செய்கிற ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்கம்மா. நேரமாகும்."

"வேண்டாமுங்க தம்பி. காலையில இருந்து உக்காந்துதானுங்க வந்தேன்."

ஆன்ட்டி பக்கென்று சிரித்தார். வந்து என் இடது பக்கமாக, தோள் உரசாமல், ஆனால் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டார். நான் கம்பில் இரண்டு கையையும் வைத்து நின்றேன். திரை விலகுகிறவரை நின்றேன்.